ஒரு காது கதைக்கு, ஒரு காது வீட்டுக்கு

கதை படித்துச் சொல்கிற குரல்களைப் பற்றி யாராவது என்னிடம் கேட்டால் ஒரு நாள் முழுக்கப் பேசுவேன். இதுவரை யாரும் கேட்டதில்லை. நெல்லித்தோப்பில் எங்கள் வீட்டு முன்னறையில் ஜாக்கெட் தைத்துக்கொண்டும், ஃபோனில் காதல் நாவல்களைக் கேட்டுக்கொண்டும் பத்து வருஷம் ஓடிவிட்டது. மகள் கல்யாணமாகி ஓசூருக்குப் போகும்போது, "தனியா இருக்கிற மாதிரி இருந்தா இதக் கேளும்மா" என்று ஒரு சேனலைப் போட்டுக் காட்டிவிட்டுப் போனாள். அன்றைக்குப் பிடித்த பைத்தியம் இது.

ஆண்கள் படித்தால் எனக்கு ஆகாது. கதாநாயகி பேசும் இடம் வந்ததும் குரலை மெல்லிசாக்கிக்கொண்டு கொஞ்சுவார்கள். எனக்குச் சிரிப்பு வந்து தையல் கோணிவிடும். சில பெண்கள் பின்னால் புல்லாங்குழலை ஓடவிட்டுப் படிப்பார்கள். கதாநாயகியின் அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்தாலும் அதே புல்லாங்குழல்தான். இன்னும் சிலர் முத்தம் கொடுக்கிற இடம் வந்ததும், "மீதிய நீங்களே கற்பன பண்ணிக்கோங்க" என்று சொல்லிவிட்டு மறுநாள் காலைக்குத் தாவிவிடுவார்கள். எழுதின பெண் மெனக்கெட்டு எழுதியிருக்கிறாள், நடுவில் அதை விழுங்க இவர்கள் யார் என்று கோபம் கோபமாக வரும்.

தொடர் நாவல் என்றால் உயிர். ஒரு பெரிய வீட்டில் ஐந்து அண்ணன் தம்பிகள் இருப்பார்கள், ஆளுக்கு ஒரு நாவல். மூத்தவன் கதையில் சும்மா காப்பி குடித்துவிட்டுப் போன நாலாமவன், வருஷக் கணக்கில் காத்திருந்து தன் நாவலுக்கு வந்து சேரும்போது, சொந்தப் பிள்ளைக்குக் கல்யாணம் கூடிவந்த மாதிரி இருக்கும். அதற்காகக் குறை இல்லாமல் இல்லை. கதாநாயகன் எடுத்ததற்கெல்லாம் கையைப் பிடித்து முறுக்குவான். கதாநாயகி சமதரையில் தடுக்கி அவன் மேலேயே விழுவாள். எல்லாவற்றையும்விட எரிச்சல் ஒன்று உண்டு. ஒரு வார்த்தை வாயைத் திறந்து சொன்னால் தீர்ந்துபோகிற விஷயத்தை நாற்பது அத்தியாயத்துக்கு இழுப்பார்கள். "சொல்லித் தொலையேண்டி" என்று வாயில் குண்டூசியைக் கவ்விக்கொண்டே திட்டுவேன்.

நான் கேட்கிற விதத்தையும் சொல்லிவிட வேண்டும். ஹெட்ஃபோனின் இரண்டு முனையையும் ஒருநாளும் நான் மாட்டியதில்லை. வலது காதில் ஒன்றை வைத்துக்கொள்வேன், இன்னொன்று கழுத்தில் தொங்கும். ஒரு காது கதைக்கு, ஒரு காது வீட்டுக்கு. தையல் வேலை பார்க்கும் பெண்கள் பலர் இப்படித்தான் கேட்கிறார்கள். வாசலில் அளவு கொடுக்க யாராவது வருவார்கள், குக்கர் விசில் அடிக்கும், கேஸ்காரர் கூப்பிடுவார்.

எங்கள் வீட்டில் அதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. என் வீட்டுக்காரர் இருபத்தெட்டு வருஷம் மில்லில் தறி ஓட்டியவர். தறிகள் போட்ட சத்தத்தில் அவர் காது இரண்டும் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விட்டன. அங்கே வேலை செய்த எல்லோரும் வாயசைப்பைப் பார்த்தே பேசிக்கொள்வார்கள். இவருக்கும் அது கைவந்த கலை. நேரே நின்று பேசினால் ஒரு சொல் தப்பாது. முதுகைக் காட்டிப் பேசினால் சுவரிடம் பேசுவதும் அவரிடம் பேசுவதும் ஒன்று. காதுக்கு மாட்டும் மெஷின் ஒன்று வாங்கிக் கொடுத்தோம். "எரைச்சல்தான் பெருசா கேக்குது" என்று பெட்டிக்குள் போட்டுவிட்டார். மில் மூடிய பிறகு ஒரு பள்ளிக்கூடத்தில் செடிகளுக்குத் தண்ணீர் விடும் வேலைக்குப் போகிறார், மதியத்தோடு வீட்டுக்கு வந்துவிடுவார். அவருக்கு வரும் ஃபோனில் நான்தான் பேசுவேன். டாக்டர் சொல்வதை நான்தான் கேட்டு அவர் முகத்துக்கு நேரே திருப்பிச் சொல்வேன். வீட்டுக்கே இருந்தது என் இரண்டு காதுகள்தான்.

அந்த ஐந்து அண்ணன் தம்பிக் கதையைப் படித்த பெண்ணின் குரல்தான் எனக்கு எல்லாவற்றிலும் ஒசத்தி. ஊர் பேர் தெரியாது. புல்லாங்குழல் கிடையாது, கொஞ்சல் கிடையாது. வாக்கியத்தின் கடைசிச் சொல்லுக்கும் மரியாதை கொடுத்து முடிப்பாள். பொத்தானுக்குக் காஜா எடுக்கிற வேலையைக்கூட அவள் குரல் இருந்தால் அலுக்காமல் செய்வேன்.

மூன்றாமவனின் நாவலில்தான் அவள் குரலுக்கு என்னவோ ஆனது. சொற்களின் முடிவு சரியாக வரவில்லை. வந்தானா வந்தாளா என்றே தெரியாமல் மழுங்கிப் போய்விடும். ஹெட்ஃபோனை மாற்றினேன். அடுத்த மாதம் இன்னொன்றும் வாங்கினேன். சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனேன். மற்ற சேனல்களைப் போட்டுப் பார்த்தால் அங்கேயும் அப்படித்தான் இருந்தது. எல்லோருக்கும் அவசரம், யாருக்கும் தொழிலில் அக்கறை இல்லை என்று முடிவு கட்டினேன். ஒருநாள் பொறுக்க முடியாமல் அவள் சேனலுக்குக் கீழே எழுதிவிட்டேன்: "முன்னல்லாம் கணீர்னு படிப்பீங்க. இப்ப பாதி வார்த்தைய முழுங்குறீங்க. இஷ்டம் இல்லன்னா படிக்காதீங்க, எங்கள ஏன் கஷ்டப்படுத்துறீங்க."

எழுதியபோது ஒரு திருப்தி இருந்தது. மறுநாள் பார்த்தால் எனக்குக் கீழே வேறு பெண்கள் எழுதியிருந்தார்கள். "எங்களுக்கு நல்லாதானே கேக்குது?" "இந்த அக்காவுக்கு என்னாச்சு?" அவர்களை நான் பொருட்படுத்தவில்லை. படித்தவளே பதில் போட்டிருந்தாள்: "மன்னிச்சிடுங்க அக்கா. அந்த அத்தியாயத்தத் திரும்பப் படிச்சுப் போடுறேன்." சொன்னபடி நாலு நாளில் போட்டாள். "ஒரு அக்காவுக்காக" என்று ஆரம்பித்தாள். முக்கால் மணி நேர அத்தியாயம். நான் தையல் மெஷினை நிறுத்திவிட்டு, சத்தத்தை முழுசாக வைத்துக் கேட்டேன். அதே மழுங்கல்தான்.

ஃபோன்தான் பழசாகிவிட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அந்த வாரமே ஹெட்ஃபோன் வயர் தைத்துக்கொண்டிருந்த துணிக்கு அடியில் போய், ஊசி அதையும் சேர்த்துத் தைத்துவிட்டது. வலது முனை செத்தது. இடது முனை மட்டும் பேசியது. கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்த அதை எடுத்து, கைக்கு வாகாக இருந்த இடது காதில் வைத்தேன்.

கணீரென்று வந்தது. ஒவ்வொரு சொல்லும், கடைசி எழுத்துவரைக்கும். பழைய குரல். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, பாவிப் பெண் சரியாகிவிட்டாள் என்று நினைத்தேன். ஒரு நிமிஷம் கழித்து, ஏனென்றே தெரியாமல், அதே முனையை எடுத்து வலது காதில் வைத்தேன். மழுங்கியது. திரும்ப இடது காது. கணீர். வலது. மழுங்கல். எத்தனை தரம் மாற்றி மாற்றி வைத்தேன் என்று கணக்கில்லை. அவள் முழுங்கவே இல்லை. என் காதுதான் முழுங்கிக்கொண்டிருந்தது.

பயம் என்றால் அதுதான் பயம். ஒரு காது போனால் மறு காதும் போகுமா? போனால் யார் ஃபோன் எடுப்பது? இவருக்கு ஒரு நெஞ்சுவலி என்றால் ஆம்புலன்ஸில் யாரிடம் என்ன பேசுவேன், அவர்கள் திருப்பிக் கேட்பது எனக்கு எப்படிக் கேட்கும்? வீட்டுக்குள் இரண்டு பேர், இரண்டு பேருக்கும் காது இல்லை என்றால் கதவைத் தட்டுகிறவர்கள் தட்டிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். மகளிடம் சொன்னால் அடுத்த பஸ்ஸில் வந்து நிற்பாள், வீட்டைக் காலி பண்ணு என்பாள். இவரிடம் சொன்னால் கவலையில் சாப்பாட்டைக் குறைத்துவிடுவார்.

யாரிடமும் சொல்லவில்லை. நாலு மாதம் சொல்லவில்லை. அவர் என் வாயைப் பார்த்துப் படிப்பவர், பொய் சொன்னால் உதட்டிலேயே கண்டுபிடித்துவிடுவார். அதனால் அவர் பக்கத்தில் வரும்போதெல்லாம் வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டேன். தைக்க ஒன்றும் இல்லாதபோதும் கவ்வினேன்.

இன்னொரு தப்பும் செய்தேன். அதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. நாலாமவனின் கதை அப்போதுதான் சூடு பிடித்திருந்தது. நல்ல காதைக் கதைக்குக் கொடுத்துவிட்டேன். வீட்டுக்குச் செத்த காதை விட்டேன். வீராம்பட்டினத்திலிருந்து வரும் மீன்கார அம்மா வாசலில் கூடையை இறக்கி வைத்துக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, கடைசியில் ஜன்னலில் வந்து எட்டிப் பார்த்தார். "இன்னாம்மா, எவ்ளோ நேரம் கத்துறது? சங்கரா வேணான்னா வேணான்னு சொல்லு!" மெஷின் சத்தம் என்று சொல்லிச் சமாளித்தேன். மெஷின் நின்றுதான் இருந்தது.

அப்படியே போயிருப்பேன். ஒரு மதியம் கதாநாயகன் ரயில் நிலையத்தில் நின்றுகொண்டிருந்தான், அவள் வருவாளா மாட்டாளா என்ற இடம். அத்தியாயம் முடிந்ததும் தண்ணீர் குடிக்கப் பின்கட்டுக்குப் போனேன். தொட்டிக்குப் பக்கத்தில் அவர் பாசியில் வழுக்கி விழுந்து, சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். முழங்கை சிராய்த்து ரத்தம் காய்ந்தே போயிருந்தது. கால் மரத்து எழுந்திருக்க முடியவில்லை. "கூப்ட்டேன்" என்றார். அவ்வளவுதான். கோபம்கூட இல்லை. எத்தனை தடவை என்று நான் கேட்கவில்லை. கைத்தாங்கலாகத் தூக்கிக் கட்டிலில் உட்காரவைத்து மஞ்சள் போட்டேன். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் குண்டூசியைத் தேடினேன், கைக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

மறுநாள் பெரிய மார்க்கெட்டுக்கு லைனிங் துணி வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுக் காது டாக்டரிடம் போனேன்.

கண்ணாடி ஜன்னல் வைத்த ஒரு சின்ன அறையில் உட்காரவைத்து, காதில் பெரிய ஹெட்ஃபோனை மாட்டிவிட்டு, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். இடது காது முடிந்து வலது காது வந்தது. ஒன்றும் கேட்கவில்லை. பயத்தில் நான் ஒரு காரியம் செய்தேன். வெளியே சோதனை மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த பெண்ணின் விரலைப் பார்த்தேன். அவள் அழுத்தும்போதெல்லாம் நானும் அழுத்தினேன். ஐம்பத்து மூன்று வயதில் பரீட்சையில் காப்பி அடித்தேன். அவள் இரண்டு நிமிஷத்தில் கண்டுபிடித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே உள்ளே வந்து, "இப்படித் திரும்பி உக்காருங்கம்மா" என்று நாற்காலியைச் சுவரைப் பார்க்கத் திருப்பிவிட்டாள். சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பொத்தானில் விரலை வைத்தபடியே இருந்தேன். சத்தம் வரவில்லையா, வந்தும் எனக்குக் கேட்கவில்லையா என்பதுகூடத் தெரியவில்லை.

வலது காது நரம்பு தேய்ந்துவிட்டது, திரும்ப வராது என்றார் டாக்டர். வயதாக இருக்கலாம், ஹெட்ஃபோனாக இருக்கலாம், இதுதான் என்று அடித்துச் சொல்ல முடியாது என்றார். இடது காது இப்போதைக்குப் பரவாயில்லை. இந்த "இப்போதைக்கு" என்ற வார்த்தையை அவர் சொன்னதிலிருந்து அது என்னோடேயே இருக்கிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து காட்டுங்கள், இனிமேல் காதுக்குள் எதையும் வைத்துக் கேட்காதீர்கள், வலது காதுக்கு மெஷின் வேண்டுமா என்று அப்புறம் பார்க்கலாம் என்றார். வெளியே வந்து, சொன்ன பொய்யை உண்மையாக்க மார்க்கெட்டுக்குப் போய் வீட்டில் ஏற்கெனவே இருந்த அதே நிறத்தில் லைனிங் துணி வாங்கினேன்.

அன்று ஞாயிற்றுக்கிழமை இல்லை. ஆனாலும் சாயங்காலம், "பீச்சுக்குப் போலாமா?" என்று அவரிடம் கேட்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் நடப்பது எங்கள் வழக்கம். ஒரு வருஷத்துக்கு மேலாக அதில் ஒரு வேடிக்கை சேர்ந்திருந்தது. ஒரு கோடிவரை போய்த் திரும்பும்போது, அவர் பேசாமல் என் முதுகுக்குப் பின்னால் சுற்றிக்கொண்டு மறுபக்கம் வந்துவிடுவார். "செக்குமாடு மாதிரி ஏன் சுத்துறீங்க?" என்று கிண்டல் பண்ணுவேன், சிரித்துவிட்டுப் பேச்சை மாற்றுவார்.

அன்றும் சுற்றி வந்தார். காற்று பலமாக இருந்தது. கடலைப் பார்த்துக் கல்லில் உட்கார்ந்தோம். வாயில் குண்டூசி இல்லை, கதாநாயகிகளைத் திட்டின வாயை நான் திறந்தே ஆக வேண்டும். அவர் முகத்துக்கு நேரே திரும்பி, "எனக்கும் காது போவுதுங்க" என்றேன்.

என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "வலது காதுதான?" என்றார்.

எந்தக் காது என்று நான் சொல்லவில்லை. "ஒங்களுக்கு எப்டித் தெரியும்?"

"தல ஒரு பக்கமா சாயுதே. எனக்கும் மொதல்ல அப்டித்தான் சாஞ்சிச்சி. தறிக்காரனுக்குத் தெரியாதா? ஒன்னர வருஷமாச்சி. அதான் இந்தப் பக்கமா நடக்குறேன்" என்றார்.

குனிந்து பார்த்தேன். என் இடது கைப்பக்கம் உட்கார்ந்திருந்தார். இத்தனை நாளும் ஒவ்வொரு திருப்பத்திலும் சுற்றிச் சுற்றி வந்தது என் நல்ல காதுப் பக்கத்துக்குத்தான். அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. "ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல? நான் அந்தப் பொண்ண வேற திட்டித் தொலச்சேன்!"

"எந்தப் பொண்ண?" என்று முழித்தார். "சொன்னா நீ பயந்துடுவன்னு இருந்தேன். நீயுந்தான் சொல்லல. எப்பப் பாத்தாலும் வாயில குண்டூசி."

நாற்பது அத்தியாயம் இழுக்கிறார்களே என்று எத்தனை பேரைத் திட்டியிருக்கிறேன். நாங்கள் ஒன்றரை வருஷம் இழுத்திருக்கிறோம். எனக்கு வெட்கமாக இருந்தது. அதற்கு மேல் அவர் மேல் ஒரு ஆசையும் வந்தது, இந்த வயதில் அதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. "ரெண்டு பேருக்கும் காது இல்லன்னா வீடு இன்னாங்க ஆவறது?" என்று மட்டும் கேட்டேன். "வா, போவலாம், காத்து அதிகமா இருக்குது" என்றார்.

மறுநாள் அந்தச் சேனலுக்குக் கீழே எழுதினேன். தப்பு உங்கள் குரலில் இல்லை, என் காதில் என்று எழுதி, எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்டேன். முக்கால் மணி நேரத்தை வீணடித்ததற்குத் தனியாகக் கேட்டேன். பதில் வரும்வரை ஃபோனைத் தொடவே பயமாக இருந்தது. சாயங்காலம் வந்தது: "பரவால்ல அக்கா. ஸ்பீக்கர்ல போட்டுக் கேளுங்க. கடைசித் தம்பி கதைய நிறுத்தி நிதானமா படிக்கிறேன்."

இப்போது ஸ்பீக்கரில்தான் ஓடுகிறது. தெருவுக்கே கேட்கும், முத்தம் வரும் இடத்தில் மட்டும் எழுந்து போய் ஜன்னலைச் சாத்துவேன். இருக்கிற ஒரு காது கதைக்கும் வீட்டுக்கும் பங்கு போட்டு உழைக்கிறது. அந்தக் காதுக்குள் எப்போதாவது ஒரு சின்ன இரைச்சல் வந்தாலும் மெஷினை நிறுத்திவிட்டு, இதுதானா, ஆரம்பித்துவிட்டதா என்று கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். பயம் போகவில்லை, போகும் என்றும் தோன்றவில்லை. கடைசித் தம்பியின் கதை முடியும்வரையாவது இந்தக் காது நிற்கட்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். அப்புறம் அடுத்த தொடர் வந்தால் அதற்கும் வேண்டிக்கொள்வேன்.

போன வாரம் ஒரு மதியம். ஃபோனில் கடைசித் தம்பி கோபித்துக்கொண்டு ஊரைவிட்டுப் போகிறான். மெஷின் ஓடுகிறது. தலையை நிமிர்த்தினால் சமையலறை வாசலில் அவர் நின்றுகொண்டு வாயை அசைக்கிறார். சத்தம் இல்லை, வெறும் உதடு. மில்லில் பேசுவதுபோல. எனக்குப் புரியவில்லை. இன்னொரு தரம் சொன்னார். புரியவில்லை. மெஷினை நிறுத்தினேன், ஃபோனை நிறுத்தினேன், அவர் உதட்டையே பார்த்தேன். பொறுமையாக மூன்றாம் தரம் சொன்னார்.

"குக்கரு. நாலு விசிலு ஆயிடிச்சி. நிறுத்திட்டேன்."

விசில் எனக்குக் கேட்கவில்லை. அவருக்குக் கேட்டிருக்க வழியே இல்லை. அடுப்புக்கு எதிரே நாற்காலி போட்டுக்கொண்டு, குண்டு மேலே எழும்பி ஆவி அடிக்கிறதைக் கண்ணால் பார்த்து, ஒன்று, இரண்டு என்று எண்ணியிருக்கிறார். அவர் சொன்னது எனக்கு முழுசாக வந்து சேர்ந்திருந்தது, கடைசி எழுத்துவரைக்கும், ஒன்றையும் முழுங்காமல்.